பழைய கண்ணாடி விளக்கு எங்கே பிறந்தது, என்ன வயது? பாகம் பாகமாகக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கண்ணாடி விளக்கு ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, கவிழ்த்து அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது. எழுத்து இருந்தால் அதை அப்படியே நம்பிவிடுகிறோம். இல்லையென்றால் ‘யாருக்குத் தெரியும்’ என்று அலமாரியில் தூக்கி வைத்துவிடுகிறோம். நான் இரண்டு விதத்திலும் ஏமாந்திருக்கிறேன். எழுத்து பல சமயம் தவறான பாதையில் கூட்டிப்போகும். ஒரு எழுத்துகூட இல்லாத விளக்கு, கேட்கத் தெரிந்தவரிடம் தன் வயதை ஓரளவு நெருக்கமாகவே சொல்லிவிடும்.

இதற்குக் காரணம், விளக்கு ஒரு கூட்டுக் குடும்பம் என்பதுதான். புதிதாக விற்ற நாளிலேயே எண்ணெய் நிற்கும் கிண்ணம் ஒரு தொழிற்சாலையிலும், திரியைப் பிடித்து எரியவைக்கும் பர்னர் இன்னொன்றிலும், சுடரைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் குழாயான சிம்னி மூன்றாவது இடத்திலும் செய்யப்பட்டவையாக இருந்திருக்கும். பிறகு நூறு வருடத்தில் சிம்னி நாலைந்து முறை உடைந்திருக்கும், பர்னர் மாறியிருக்கும், ஷேடு பக்கத்து விளக்கிலிருந்து வந்திருக்கும், மின்சாரம் வந்ததும் நடுவில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். சாட்சிகள் ஒத்துப்போகும் இடத்தில்தான் வயது கிடைக்கும்.

படி 1: துடைக்காதீர்கள், பிளக்கில் சொருகாதீர்கள்

முதல் ஆசை பளபளப்பாக்குவது. கட்டுப்படுத்துங்கள். பித்தளையைத் தேய்த்தால் மெலிதாக அச்சான எழுத்துகள் மங்கும். வெந்நீரில் ஊறவைத்தால் சூளையில் சுடாமல் மேலே பூசிய வண்ணமும் தங்கக் கோடுகளும் உரிந்து வரும். கிண்ணத்தையும் பர்னர் உட்காரும் பித்தளைக் கழுத்தையும் ஒட்டியிருக்கும் பழைய சாந்து தண்ணீர் பட்டால் இளகும். அந்தச் சாந்தே ஒரு முக்கியமான சாட்சி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மின் விளக்காக இருந்தால், எரிகிறதா என்று பார்க்கும் ஆசையும் வேண்டாம். பழைய ஒயரில் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும்.

தேவையானவை கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு காந்தம், மென்மையான பிரஷ், நோட்டுப் புத்தகம். புற ஊதா டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது.

பிறகு விளக்கைப் பிரியுங்கள். ஷேடு, சிம்னி, பர்னர் என்று மேலிருந்து கீழே. பர்னர் கழுத்தில் இறுகியிருந்தால் முறுக்கிப் பலத்தைக் காட்ட வேண்டாம். கழுத்தோடு சேர்ந்து கண்ணாடியும் கையோடு வரும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எதை எரிக்கச் செய்த விளக்கு?

வயதைப் பெரிய வட்டமாகக் குறுக்குவது எரிபொருள். மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னும் கண்ணாடி விளக்குகள் இருந்தன. அவை எரித்தவை திமிங்கில எண்ணெய், கடுகு இனத்து விதை எண்ணெய், சாராயத்தில் கற்பூரத்தைலம் போன்ற டர்பன்டைன் கலந்த ஒரு திரவம்.

திமிங்கில எண்ணெய் விளக்கில் திரிக்குழாய்கள் குட்டையாக, கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் கெட்டி என்பதால் சுடர் அதைச் சூடாக்கி இளக்க வேண்டும். டர்பன்டைன் கலவை விளக்கில் நேர் எதிர். அது தீப்பிடித்து வெடிக்கக்கூடியது என்பதால் குழாய்கள் நீளமாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சாய்ந்து, சுடரைக் கிண்ணத்திலிருந்து தள்ளி வைக்கும். சுடரை அணைக்கவும் திரவம் ஆவியாகாமல் தடுக்கவும் ஒவ்வொரு குழாய்க்கும் சங்கிலியில் தொங்கும் குட்டித் தொப்பி இருக்கும். தொப்பியோ சங்கிலி மாட்டும் வளையமோ பார்த்தால் 1830-களிலிருந்து 1860-கள் வரையிலான காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

விதை எண்ணெய்க்கான பெரிய விளக்குகள் இன்னொரு வம்சம். 1780-களில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த எமே ஆர்கன், நடுவில் காற்று போகும் வட்டத் திரியைக் கொண்டுவந்தார். 1800-இல் பிரான்ஸில் கார்செல் கடிகார இயந்திரத்தால் எண்ணெயை மேலேற்றினார். 1830-களில் சுருள்வில்லால் எண்ணெயை ஏற்றும் மாடரேட்டர் விளக்குகள் வந்தன. இவற்றில் பலவற்றைப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள்.

மண்ணெண்ணெயின் கதை 1846-இல் கனடாவின் ஆபிரகாம் கெஸ்னர், 1850-இல் பாராஃபின் எண்ணெய்க்குக் காப்புரிமை பெற்ற ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங், 1853-இல் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகர மருத்துவமனையில் தன் விளக்கை ஏற்றிய இக்னாசி வுகாஷியேவிச் என்று ஆரம்பிக்கிறது. 1859-இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தோண்டிய கிணறு எண்ணெய் தந்ததும் விலை சரிந்தது, விளக்குகள் வெள்ளமாக வந்தன. இன்று நம் கைக்கு வரும் பழைய கண்ணாடி விளக்குகளில் பெரும்பாலானவை இந்த வெள்ளத்தில் வந்தவைதான். மண்ணெண்ணெய்க்குச் சிம்னி வேண்டும், திரியை ஏற்றி இறக்கத் திருகு வேண்டும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த விளக்கு என்று உறுதியானால் 1850-களுக்கு முன் போகவே முடியாது.

படி 3: பர்னர்தான் முக்கிய சாட்சி

ஒரே ஒரு பாகத்தை வைத்துக்கொண்டு சொல் என்றால் நான் பர்னரைத்தான் கேட்பேன். கண்ணாடிப் பட்டறைகள் பெயர் போடுவது அபூர்வம். பர்னர் செய்தவர்களுக்கோ காப்புரிமையை விளம்பரப்படுத்த வேண்டியிருந்தது. அதனால் திரி திருகும் சின்னச் சக்கரத்தின் முகத்தில் எழுத்துகளை நெருக்கியடித்து அச்சிட்டார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

அமைப்பைப் பார்த்தே குலத்தைச் சொல்லலாம்.

ஒற்றைத் தட்டைத் திரி, மேலே பிளவுள்ள பித்தளைக் குமிழ்: எல்லா நாட்டிலும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டைத் திரி, இரண்டு திருகு: டூப்ளெக்ஸ். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் நிறுவனம் 1865-இல் காப்புரிமை பெற்றது. பிறகு மற்ற நாட்டவரும் செய்தார்கள் என்றாலும், டூப்ளெக்ஸ் பர்னரோடு சுடரை அணைக்கும் நெம்புகோலும் இருந்தால் முதலில் பிரிட்டனைத்தான் நினைக்க வேண்டும்.

கீழே தட்டையாக நுழையும் திரி மேலே போகப் போகச் சுருண்டு வட்டமாகிறதா? அது காஸ்மோஸ் வகை, பெர்லினின் வில்ட் அண்ட் வெசல் நிறுவனம் 1860-களில் பரப்பியது. அதன் சிம்னிக்கு அடிப்பக்கத்தில் இடுப்பு பிடித்தது போல் ஒரு குறுக்கம் இருக்கும். சுடரின் நடுவில் ஒரு குட்டித் தட்டு நின்று சுடரை வெளியே விரித்தால் அது மெட்டடார் வகை, பெர்லினின் எர்லிஷ் அண்ட் கிரேட்ஸ் புகழ்பெறச் செய்தது. அதற்கான சிம்னி அந்த இடத்தில் உப்பியிருக்கும்.

ஐரோப்பியக் கண்டத்து பர்னருக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு: 6, 8, 10, 14 போன்ற எண்ணுக்கு மேல் மூன்று சின்னக் கோடுகள். இது ‘லைன்’ என்ற பழைய பிரெஞ்சு அளவு, ஒரு லைன் சுமார் 2.26 மில்லிமீட்டர். அந்த மூன்று கோடுகளைப் பார்த்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் தேடுங்கள். ஆஸ்திரியா என்றால் வியன்னாவின் டிட்மார், ப்ரூன்னர் என்ற இரு பெயர்கள் அடிக்கடி வரும். இரண்டும் 1907-இல் ஒன்றாகின. ஆகவே இரட்டைப் பெயர் இருந்தால் அதற்கு முன் போக முடியாது.

கிண்ணத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அடியில் காற்றுத் துளைகள்: நடுக்காற்று விளக்கு. இந்த வகையைப் பெரிய அளவில் பரப்பியது ‘ராச்செஸ்டர்’ என்ற அமெரிக்க விளக்கு, 1884-இல். கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரின் பிராட்லி அண்ட் ஹப்பர்ட், எட்வர்ட் மில்லர் இரண்டும் இதே வரிசையில் வரும். இவற்றில் எண்ணெய் நிற்பது உலோகக் கிண்ணத்தில்தான், வெளியே தெரியும் கண்ணாடி வெறும் சட்டை. உள்ளே கிண்ணத்தைத் தூக்கி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

திரிக்கு மேல் வெள்ளை வலைத்தொப்பி வைத்து எரிப்பது என்றால், ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல் காப்புரிமை பெற்ற மேன்டிலுக்கு அப்புறம்தான். ‘அலாதீன்’ என்ற பெயரில் விற்ற மேன்டில் விளக்குகள் 1909-இல் சிகாகோவிலிருந்து வர ஆரம்பித்தன. அவற்றின் திருகில் மாடல் பெயரே அச்சாகியிருக்கும், வேலை மிச்சம்.

இனி பலர் வழுக்கி விழும் இடம். திருகில் ‘பேட்டன்ட் 1876’ என்றிருந்தால் விளக்கு 1876-இல் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. 1876-க்கு முன் செய்யப்படவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1861-லிருந்து காப்புரிமை 17 வருடம் செல்லும். ஒரே அச்சை அந்தக் காலம் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும் பயன்படுத்தினார்கள். பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் எப்போதும் முதல் தேதியைத்தான் சொல்வார்கள்.

பர்னர் உட்காரும் கழுத்தையும் அளக்க வேண்டும். அமெரிக்கக் கழுத்துகள் பெரும்பாலும் மூன்று அளவில் வரும்: முக்கால் அங்குலத்தைத் தாண்டி எட்டில் ஏழு அங்குலம், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர்; ஒன்றேகால் அங்குலம், சுமார் 32; ஒன்றேமுக்கால் அங்குலம், சுமார் 44. பிரிட்டிஷ் விளக்குகள் பலவற்றில் மரைக்குப் பதில், வைத்துக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கும். கழுத்துக்கும் பர்னருக்கும் நடுவில் ஒரு மாற்று வளையம் இருந்தால், இருவருக்கும் நடந்தது காதல் கல்யாணம்தான், பிறப்பிலேயே வந்த உறவு இல்லை.

படி 4: கண்ணாடியைப் பேச வைப்பது

முதலில் செய்முறை. ஊதிச் செய்த கண்ணாடியில் சுவர் தடிமன் சீராக இருக்காது. அடியின் நடுவில், இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த கரடுமுரடான தழும்பு இருக்கும், அல்லது அந்தத் தழும்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு குழி. அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடியில் வெளியே வேலைப்பாடு, உள்ளே வழவழப்பு, அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு. அச்சுக்குள் ஊதியதில் வெளி வேலைப்பாட்டின் மேடுபள்ளம் உள்ளேயும் தெரியும்.

அழுத்துக் கண்ணாடி அமெரிக்காவில் 1820-களில் பெருகியது. மாசசூசெட்ஸின் பாஸ்டன் அண்ட் சாண்ட்விச் நிறுவனம் 1825-லிருந்து 1888 வரை இதில் பேர் வாங்கியது. அதனாலேயே அழகான எந்த அழுத்துக் கண்ணாடி விளக்கைப் பார்த்தாலும் ‘சாண்ட்விச்’ என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் பட்டறைகள் அதே மாதிரிகளைக் கொட்டிக் குவித்தன என்பதை வசதியாக மறந்துவிடுவார்கள். பெயர் இல்லாத விளக்குக்கு ஊர்ப் பெயர் கொடுக்கும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அடுத்து ஓசையும் எடையும். விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். ஈயம் கலந்த கண்ணாடி மணிபோல் நீளமாக ஒலிக்கும், கையில் கனக்கும். சுண்ணாம்புக் கண்ணாடி ‘டக்’ என்று நின்றுவிடும். 1864-இல் வீலிங் நகரின் ஹாப்ஸ் நிறுவனத்தில் வில்லியம் லெய்ட்டன் தெளிவான, மலிவான சுண்ணாம்புக் கண்ணாடியைச் செய்துகாட்டியதும் அமெரிக்கப் பட்டறைகள் வேகமாக மாறின. மணிபோல் ஒலிக்கும் அமெரிக்க அழுத்துக் கண்ணாடி விளக்கு அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவில் ஈயக் கண்ணாடி தொடர்ந்ததால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இனி அறை விளக்கை அணைத்து, புற ஊதா டார்ச்சை எடுங்கள். இந்தப் பகுதிதான் எனக்கு எப்போதும் பிடித்தது. தெளிவான கண்ணாடி மங்கலான பச்சையாக மினுங்கினால் அதில் மாங்கனீஸ் இருக்கலாம். மணலில் இரும்பு தரும் பச்சைச் சாயலை நீக்க அதைச் சேர்த்தார்கள், முதல் உலகப் போர்க் காலத்தோடு அந்தப் பழக்கம் குறைந்து செலினியம் வந்தது. மாங்கனீஸ் கண்ணாடி பல வருடம் வெயிலில் நின்றால் ஊதா பூக்கும். செயற்கைக் கதிர்வீச்சில் வைத்து அடர் ஊதாவாக்கி விற்பவர்களும் உண்டு. இயல்பாக வந்த ஊதா வெளிறியது, கத்தரிக்காய் நிறம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

பளீரென்று பச்சையாக எரிந்தால் யுரேனியம். 1830-களில் இன்றைய செக் நாட்டின் போஹிமியாவில் யோசஃப் ரீடல் மஞ்சளும் பச்சையுமாக இதைப் புகழ்பெறச் செய்தார். அமெரிக்காவில் 1943 முதல் 1958 வரை இதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. இப்போதும் யுரேனியக் கண்ணாடி புதிதாகச் செய்கிறார்கள். ஆக, ஒளிர்ந்தால் பழையது என்ற பேச்சு வெறும் சந்தைப் பேச்சு. கையில் எடுத்துப் பார்க்கப் பயப்படத் தேவையில்லை, அதில் உணவு வைக்காமல் இருந்தால் போதும். மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மங்கிய ‘பர்மீஸ்’ கண்ணாடியும் ஒளிரும், அதில் யுரேனியமும் தங்கமும் உண்டு. மாசசூசெட்ஸின் மவுண்ட் வாஷிங்டன் நிறுவனம் 1885-இல் அதற்குக் காப்புரிமை வாங்கியது, இங்கிலாந்தின் தாமஸ் வெப் நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தது.

சிவப்பு தனிக்கதை. ரோஜாச் சிவப்பு தங்கத்தால் வருவது. பல அடுக்குக் கண்ணாடியில் வெட்டு விழுந்த விளிம்பைப் பாருங்கள்: நிறம், வெள்ளை, தெளிவு என்று படிப்படியாகத் தெரிந்தால் உண்மையான அடுக்கு. நிறத்துக்குத் தடிமனே இல்லாமல் கீறினால் போய்விடும்போல் இருந்தால் அது மேல்பூச்சு. வெள்ளியாக மின்னும் பாதம் என்றால் இரட்டைச் சுவருக்கு நடுவில் வெள்ளி பூசியது, லண்டனில் 1849-இல் இதற்குக் காப்புரிமை பதிந்தார்கள்.

பூ வேலைப்பாட்டை லென்ஸில் பாருங்கள். தூரிகைக் கோடு தெரிந்தால் கைவேலை. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சிட்டு ஒட்டிய படம்.

படி 5: ஒட்டு, சாந்து, தண்டு

கிண்ணத்தின் கழுத்தைப் பிடித்திருப்பது எது? பழையது என்றால் சாந்து. எண்ணெய் ஊறி மஞ்சளாகி, பழுப்பேறி, ஓரம் உதிர்ந்திருக்கும். பளிச்சென்ற வெள்ளை என்றால் யாரோ அண்மையில் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அப்போது வேறு கழுத்தைக்கூட வைத்திருக்கலாம். கண்ணாடி போல் தெளிவாக, விளிம்பில் வழிந்து உறைந்த பசை தெரிந்தால் எபாக்ஸி, அது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி வேலை.

கண்ணாடிக் கிண்ணம், பித்தளைத் தண்டு, சலவைக்கல் பாதம் என்று மூன்று பொருளில் வரும் விளக்குகள் அமெரிக்காவில் 1860-70-களில் நிறைய. அடியில் கம்பி, நட்டு, வாஷர் வெளியே தெரியும். அந்த நட்டு பளபளப்பான துத்தநாகப் பூச்சு என்றால் புதிது. பித்தளை என்று சொல்லப்பட்ட தண்டில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு.

இரண்டு கிண்ணங்களும் நடுவில் தீக்குச்சி வைக்கும் கூடும் கொண்ட விநோத விளக்கைப் பார்த்தால் விசாரணை சுருங்கிவிடும். பிட்ஸ்பர்க்கின் ரிப்ளி நிறுவனம் 1870-இல் காப்புரிமை பெற்றது, ‘கல்யாண விளக்கு’ என்று சேகரிப்பவர்கள் அழைக்கிறார்கள். தம்பதிக்கு ஆளுக்கொரு சுடர்.

படி 6: இப்போது எழுத்துகளைப் படிக்கலாம்

இவ்வளவு பார்த்த பிறகுதான் எழுத்துக்கு வரச் சொல்வேன். அப்போது அது உங்களை ஆட்டிப்படைக்காது.

பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவமைப்புகளில் சாய்சதுரக் குறி இருக்கும். உச்சியில் ஒரு வட்டத்துக்குள் ரோமன் எண்: ஒன்று உலோகம், மூன்று கண்ணாடி. அந்த வட்டத்துக்கு நேர் கீழே எழுத்து இருந்தால் 1842-67, எண் இருந்தால் 1868-83. விளக்கில் உலோக வகுப்புக் குறி இருந்தால் அது உலோகத்தின் வயதை மட்டுமே சொல்கிறது, கண்ணாடியின் வயதை இல்லை. 1884 முதல், ‘பதிவானது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ‘ஆர்டி’க்குப் பின் தொடர் எண். 1884 ஜனவரியில் 1-இல் தொடங்கி, 1890 தொடக்கத்தில் சுமார் 1,41,000, 1900 தொடக்கத்தில் சுமார் 3,51,000. இதுவும் பதிவான நாள்தான், செய்த நாள் ஆகாது.

ஜெர்மனியின் ‘டி.ஆர்.பி.’ அரசுக் காப்புரிமை, 1877 முதல். ‘டி.ஆர்.ஜி.எம்.’ பயன்மாதிரிப் பதிவு, 1891 முதல். பிரான்ஸின் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்பது ‘அரசின் உத்தரவாதம் இன்றி’ என்பதன் சுருக்கம். 1844 முதல் 1968 வரை இருந்தது, எனவே நாட்டைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது.

நாட்டின் பெயர் இன்னும் உபயோகம். அமெரிக்கா 1890-இல் இயற்றிய சுங்கச் சட்டம், 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1918-க்குப் பின். அதே ஊர்களில் அதற்கு முன் செய்தவற்றை போஹிமியா, ஆஸ்திரியா என்பார்கள். ‘நிப்பான்’ என்றால் பெரும்பாலும் 1891-1921, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றால் 1945-52. ‘மேற்கு ஜெர்மனி’ 1949-1990. ஆனால் எழுத்தே இல்லை என்பதை வைத்து 1891-க்கு முன் என்று தாவ வேண்டாம். உள்நாட்டில் விற்ற பொருளுக்கு அந்தச் சட்டம் எதற்கு? காகித லேபிளில் எழுதியதும் என்றோ கழன்றுபோயிருக்கும். பிரான்ஸின் பக்காரா நிறுவனமே எல்லாப் பொருளிலும் நிரந்தர முத்திரை பொறித்தது 1936-க்குப் பிறகுதான்.

சிம்னியிலும் முத்திரை இருக்கும். ஜெர்மனியின் யேனா நகரில் ஷாட் நிறுவனம் 1884-இல் தொடங்கியது, வெப்பம் தாங்கும் அதன் சிம்னிகள் 1890-களில் பரவின. விளிம்பில் முத்துமுத்தாக வரும் சிம்னி பிட்ஸ்பர்க்கின் மக்பெத் 1880-களில் பரப்பிய பாணி. எதுவானாலும் சிம்னியை வைத்து விளக்கின் வயதைக் கணிக்காதீர்கள். செருப்பை வைத்து ஆளின் வயதைச் சொல்வது போலாகும்.

படி 7: பெரிய பெயர்கள் வந்தால் நிதானம்

கையெழுத்திட்ட கலைக் கண்ணாடி விளக்குகளில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பிரான்ஸின் நான்சி நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1904-இல் இறந்தார். அதன் பின் சில காலம் கையெழுத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தது. பட்டறை 1930-கள் வரை இயங்கியது. ஆகவே ‘காலே’ என்ற பெயர் இருப்பதாலேயே அவர் கைபட்டது என்று ஆகாது. ருமேனியாவில் செய்யும் நகல்களில் பெயருக்குப் பக்கத்தில் ‘டிப்’ என்ற சொல் இருக்கும், அந்த மொழியில் ‘வகை’ என்று பொருள். நேர்மையான நகல்தான். வாங்கி மறுவிற்பனை செய்யும் சிலர் அந்த மூன்று எழுத்தை மட்டும் தேய்த்து அழித்துவிடுவார்கள். எனக்கு ஒரு முறை காட்டிய விளக்கில் கையெழுத்துக்குப் பக்கத்தில் விரல் வழுக்கியது, லென்ஸில் மெலிதான தேய்ப்புப் பள்ளம். அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்த ஷேடுகள் 1890-களில் ஆரம்பித்தவை. பல பிரபல வடிவங்கள் கிளாரா டிரிஸ்கல் தலைமையிலான பெண்கள் குழுவில் உருவானவை. நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் நொடித்துப்போனது. முத்திரைத் தகடு செய்வது எவருக்கும் சுலபம், அதனால் தகட்டைக் கடைசியில் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் நிறம் இயல்பாக ஓடுகிறதா, பூவின் நடுவும் இதழ் நுனியும் வேறு வேறு சாயலில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, வெண்கலப் பாதத்துக்குத் தக்க எடை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மேலும் கீழும் பூப்போட்ட இரண்டு கண்ணாடி உருண்டைகள் கொண்ட விளக்கை ‘கான் வித் தி விண்ட்’ விளக்கு என்பார்கள். 1939-இல் வந்த அந்தப் படத்தின் கதை 1860-களில் நடப்பது. விளக்கு வகையோ 1880-களுக்குப் பிறகு வந்தது. பெயரே ஒரு காலப் பிழை. பிற்கால நகல்கள் ஏராளம். அசலில் உள்ளே எடுக்கக்கூடிய எண்ணெய்க் கிண்ணம் இருக்கும், மின்சாரத்துக்கென்றே செய்த நகலில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

படி 8: ஒயர் சொல்லும் கதை

மின் விளக்கு என்றால் முதல் கேள்வி, பிறப்பிலேயே மின் விளக்கா, மாற்றியதா? ஒயர் போகும் துளையின் விளிம்பைத் தடவுங்கள். பட்டறையிலேயே விட்ட துளை நெருப்பில் உருண்டு வழவழப்பாக இருக்கும். பின்னால் துளைத்தது வெளுத்து, அரமாக, ஓரத்தில் சில்லு தெறித்திருக்கும். இழுசங்கிலி சாக்கெட்டுக்கு 1896-இல் அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் காப்புரிமை வாங்கினார். நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால், அது 1930-களின் நடுவில் பரவியது. அழுத்தித் திருப்பிப் பூட்டும் பல்ப் கூடு என்றால் பிரிட்டன், பிரான்ஸ் அல்லது அவற்றின் செல்வாக்கில் இருந்த நாடு. துணி சுற்றிய ஒயர் பழையது போலத் தெரிந்தாலும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதை நம்பாதீர்கள்.

படி 9: தேய்மானம்

அடியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான தேய்மானம் தரையைத் தொடும் இடங்களில் மட்டும், எல்லாத் திசையிலும், ஆழம் வேறுவேறாக இருக்கும். உப்புக்காகிதத்தால் தேய்த்தது ஒரே திசையில் ஓடும், தரையைத் தொடாத பள்ளத்திலும் இருக்கும். பர்னருக்கும் கழுத்துக்கும் நடுவே பசைபோல் இறுகிய எண்ணெய்க் கறை, ஷேடு உட்காரும் வளையத்தில் அதன் விளிம்பு பதிந்த தடம், இவை இரண்டும் பொய்யாகச் செய்யக் கடினமானவை. பாகங்கள் பல வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 10: எல்லாவற்றையும் மேசையில் வைத்தால்

ஒரு விளக்கைச் சொல்லி முடிக்கிறேன். ரோஜாச் சிவப்புக் கிண்ணம், பித்தளைத் தண்டு, கறுப்புப் பீங்கான் பாதம், மேலே மஞ்சள் ஷேடு. விற்றவர் ‘1865’ என்றார். திருகில் ஹிங்க்ஸ் பெயர் இருந்தது, ஹிங்க்ஸ் காப்புரிமை 1865 என்று அவர் எங்கோ படித்திருந்தார்.

பிரித்தேன். இரட்டைத் திரி, அணைக்கும் நெம்புகோல், திருப்பிப் பூட்டும் கழுத்து: எல்லாம் பிரிட்டன் என்றன. சாந்து மஞ்சளாக, முழுதாக இருந்தது. பூட்டும் பள்ளத்தில் பழைய கறை, ஆகவே பர்னரும் கிண்ணமும் நெடுநாள் ஜோடி. பித்தளைத் தண்டின் அடியில், அழுக்குக்குள், 1,60,000-ஐ ஒட்டிய பதிவு எண். அது 1890-இன் கடைசிப் பகுதி. விளக்கு அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. விற்றவர் சொன்னதிலிருந்து ஒரே எண்ணில் 25 வருடம் குறைந்துவிட்டது.

சிம்னியின் விளிம்பு இயந்திரத்தில் வெட்டியது, அண்மைக் காலத்தது. ஷேடு புற ஊதாவில் பச்சையாக எரிந்தது, பார்க்க அருமை. ஆனால் வளையத்தில் அது உட்கார்ந்த தடம் இல்லை, இருந்த தடம் அதைவிட இரண்டு மில்லிமீட்டர் அகலமான வேறு எதனுடையதோ.

நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: பிரிட்டிஷ் விளக்கு. பர்னர் ஹிங்க்ஸ், பர்மிங்ஹாம். 1890 இறுதிக்கு முன் இல்லை, அநேகமாக 1890-கள். கிண்ணம் செய்த பட்டறை பெயர் இல்லை. சிம்னி புதிது. ஷேடு இன்னொரு விளக்கினுடையது.